இரண்டு அணைகள், ஒரு செயற்கூறு

தமிழக மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்டையும் பன்னிரண்டில் பி.எச்.பி.யையும் படிக்கிறார்கள். இரண்டுமே இணைய மொழிகள்தாம். ஆனால் மாறியின் வரையெல்லையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. செயற்கூற்றுக்கு வெளியே இருக்கும் மாறியை ஜாவாஸ்கிரிப்ட் உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். பி.எச்.பி.யிலோ, 'குளோபல்' என்று அறிவித்துக் கேட்காவிட்டால் அந்தப் பெயர் உள்ளே தெரியவே தெரியாது. முதலாண்டு விதியை மனப்பாடம் செய்த மாணவர் மறு ஆண்டு தடுமாறினால் பழி அவர்மேல் இல்லை. இரு மொழிக்கும் பொருந்தும் பழக்கம் ஒன்று உண்டு: செயற்கூற்றுக்குத் தேவையான மதிப்பை அளபுருவாகக் கொடுத்துவிடுவது. வரையெல்லை விதிகளுக்கு முன்பே இதைக் கற்பிக்க வேண்டும்.

தேவதானப்பட்டி அருகே உள்ள மஞ்சளாறு அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 51 அடியைத் தொட்டால் முதல் கட்ட வெள்ள எச்சரிக்கை, 53-இல் இரண்டாவது, 55-இல் மூன்றாவது. இதைக் காட்டும் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் மாணவர், மட்டத்தையும் மூன்று எல்லைகளையும் வெளியே மாறிகளாக வைத்து, 'எச்சரிக்கை' என்ற செயற்கூற்றை அளபுரு எதுவுமின்றி எழுதினால் அது சரியாகவே ஓடும். சிக்கல் வைகை அணையைச் சேர்க்கும்போது வரும். அங்கே எல்லைகள் 66, 68.5, 69 அடி. மட்டத்தை மாற்றிவிட்டு எல்லைகளை மாற்ற மறந்தால், வைகையில் 60 அடி நீர் இருக்கும்போதே மூன்றாம் கட்ட எச்சரிக்கை திரையில் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. மட்டம், முதல், இரண்டாம், மூன்றாம் என்று நான்கு அளபுருக்களை வாங்கும்படி எழுதிவிட்டால், அதே செயற்கூறு இரு அணைக்கும் போதும். அந்த நான்கு பெயர்களும் செயற்கூற்றுக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடும்.

பத்து வரி நிரலுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு பக்கத்தில் சேர்க்கும் சாதாரண ஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாம் ஒரே பொதுவெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு கோப்புகள் 'வார்' போட்டு 'மட்டம்' என்று அறிவித்தால், பின்னது முன்னதை ஓசையின்றி அழித்துவிடும். 2015-இல் வந்த 'லெட்' இந்த மோதலைப் பிழையாகக் காட்டும், மாறியை அடைப்புக்குறிக்குள்ளும் அடக்கும். ஆனால் வெளி மாறியை நம்பி எழுதிய செயற்கூற்றை அது திருத்தித் தராது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. எல்லைகளைத் தர மறந்து, மட்டத்தை மட்டும் கொடுத்து அழைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் தடுக்காது. வராத அளபுரு வரையறுக்கப்படாததாக நிற்கும். அதனோடு 70 அடியை ஒப்பிட்டாலும் விடை 'இல்லை'தான். வெள்ளமே வந்தாலும் எச்சரிக்கை வராது. பி.எச்.பி. 7.1 முதல் இத்தகைய அழைப்பைப் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. ஆகவே ஜாவாஸ்கிரிப்டில் செயற்கூற்றின் முதல் வரியிலேயே நான்கும் எண்களா என்று சோதித்து, இல்லையென்றால் பிழை எழுப்ப வேண்டும். அந்தச் சோதனையை எழுத முடிவதே, வேண்டியவை எவை என்பது செயற்கூற்றின் தலைப்பில் வெளிப்படையாக இருப்பதால்தான்.