சில்லுக்குப் பின்னால் கிழியும் றப்பர்: சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

இணுவில், கோண்டாவில், மருதனார்மடம் பக்கத்துக் கராஜ்களில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். காரை முழுதாக வெட்டித் திருப்பினால் முன்சில்லில் 'டக் டக்' என்று கேட்கிறது என்று ஒருவர் கொண்டுவருவார். மெக்கானிக் குனிந்து பார்ப்பார். சில்லுக்கு உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கும் பூட் றப்பர் கிழிந்திருக்கும். ரிம்மின் உட்பக்கமெல்லாம் கறுத்த கிறீஸ் விசிறியடித்திருக்கும். "அண்ணை, ஜொயின்ற் முடிஞ்சுது. இனி றப்பர் மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை" என்பார் மெக்கானிக். போன சேர்விஸிலேயே வெடிப்பைக் காட்டியிருப்பார்கள். 'கார் ஓடுதுதானே' என்று விட்டதன் விலை இது.

முன்சில்லால் இழுபடும் கார்களில், கியர்பெட்டியின் விசை இரண்டு றைவ் ஷாப்ட்கள் வழியாகச் சில்லுக்குப் போகிறது. சில்லு திரும்பும்போதும் மேலும் கீழும் ஆடும்போதும் விசை தடைப்படாமல் போக, ஒவ்வொரு ஷாப்டிலும் உள்ளும் வெளியுமாக இரண்டு சி.வி. ஜொயின்ற்கள் உண்டு. அவற்றின் கிறீஸை உள்ளே வைத்திருப்பதும் தூசியையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவதும் அந்த றப்பர்தான். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. அவை பின்சில்லால் ஓடியவை. இன்று எங்கள் ஒழுங்கைகளில் நிற்கும் அல்ரோ, வகன் ஆர், விற்ஸ், அக்குவா எல்லாவற்றுக்கும் இது உண்டு.

வலிகாமத்துச் செம்மண் தூசி கிழிந்த றப்பருக்குள் போனால் கிறீஸோடு சேர்ந்து உரைதாள் போலக் குண்டுகளை அராவும். மாரியில் தோட்டவெளி ஒழுங்கைகளில் தேங்கும் வெள்ளம் மிச்சத்தைக் கழுவிவிடும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் பலரிடம் இருப்பது வயதான கார். குறைவாக ஓடிய காரிலும் றப்பர் வயதாலேயே வெடிக்கும்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். சொந்தப் பாவனைக் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகையை அளப்பவர்கள் சில்லுக்குப் பின்னால் பார்ப்பதில்லை. காருக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கும் கடமையை அரசு எவருக்கும் கொடுக்காதபோது, அந்தப் பொறுப்பு உங்களுடையது.

எப்படிப் பார்ப்பது

ஸ்ரேறிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை நிறுத்தி, டோர்ச் அடித்து சில்லுக்குப் பின்னால் பாருங்கள். மடிப்புகளின் பள்ளத்தில்தான் முதல் வெடிப்பு வரும். பிறகு மற்றப் பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்பக்க றப்பர் கியர்பெட்டியோடு ஒட்டி இருப்பதால், சேர்விஸில் கார் மேலே ஏறும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

திருப்பும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் வெளி ஜொயின்ற். அக்சிலேற்றரை மிதிக்கும்போது கார் அதிர்ந்தால் உள் ஜொயின்றைச் சந்தேகியுங்கள். சத்தம் தொடங்கிய பிறகு புது றப்பர் மட்டும் போடுவது வீண் செலவு.

எதை வாங்குவது

கடையில் 'விற்ஸ் பூட்' என்று மட்டும் கேட்காதீர்கள். எஸ்சிபி10, கேஎஸ்பி90, கேஎஸ்பி130 என்று விற்ஸில் பல தலைமுறைகள் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள செஸி இலக்கத்தைக் கொண்டுபோங்கள். உள்பக்கமா வெளிப்பக்கமா, இடமா வலமா என்று சொல்லுங்கள். பழைய றப்பரின் இரண்டு வாய்களின் விட்டத்தையும் நீளத்தையும் புதியதோடு ஒப்பிடுங்கள். சில உள் ஜொயின்ற்களின் வெளிவடிவம் வட்டமாக இராது, மூன்று புடைப்போடு இருக்கும். வட்ட வாய் றப்பரை அதில் இறுக்கினால் கிறீஸ் கசியும்.

நியோப்பிரீன் றப்பர் மென்மையானது. தேர்மோபிளாஸ்ரிக் பூட் கூடுதல் காலம் உழைக்கும், ஆனால் விறைப்பானது. அதற்குரிய உருக்குக் கிளிப்பை அதற்குரிய குறட்டால் இறுக்காவிட்டால் பிடிக்காது. ஷாப்டைக் கழற்றாமலே ஒட்டும் பிளவு பூட் அவசரத்துக்கு மட்டும். ஒட்டும் விளிம்பில் ஒரு துளி கிறீஸ் பட்டாலும் பசை விட்டுவிடும். கிளிப்பும் கிறீஸும் சேர்ந்த முழுக் கிற்றையே வாங்குங்கள்.

கராஜில் நின்று பாருங்கள்

ஜொயின்றை முழுதாகக் கழுவித் துடைத்த பின் குண்டுகளையும் அவை ஓடும் பள்ளங்களையும் காட்டச் சொல்லுங்கள். சிறு குழி இருந்தாலும் ஜொயின்றை மாற்றுங்கள். கிறீஸ், மொலிப்டினம் டைசல்பைட் கலந்த சி.வி. கிறீஸாகவே இருக்க வேண்டும். டப்பாவில் கிடக்கும் சாதாரண பெயரிங் கிறீஸைப் பூச விடாதீர்கள். கிற்றில் உள்ள அளவு முழுதும் உள்ளே போக வேண்டும். சின்னக் கிளிப்பை இறுக்கும் முன் பூட்டுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். றப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. கம்பியாலோ பிளாஸ்ரிக் கட்டாலோ கட்ட விடாதீர்கள்.

சில்லின் நடு நட்டைப் புதிதாகப் போட்டு, டோர்க் ஸ்பனரால் அளந்து இறுக்க வேண்டும். சிறிய கார்களுக்கே அது 200 நியூற்றன் மீற்றர் அளவில் இருக்கும். சரியான எண் அந்த மொடலின் கையேட்டில் உண்டு. அளவின்றி அடித்து இறுக்கினால் அடுத்து பெயரிங் போகும். ஷாப்டை இழுத்தபோது கியர்பெட்டியிலிருந்து எண்ணெய் வடிந்திருந்தால் அளவு பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். வயர் இழுபடவில்லை என்றும் பாருங்கள். வீட்டில் தாங்களே செய்பவர்கள் வெறும் ஜக்கை நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்குப் பின் மீண்டும் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். புதிய கிறீஸ் தெரிந்தால் உடனே திரும்பப் போங்கள்.

உங்கள் உரிமை

பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவரின் கடமை. அதில் திகதி, பொருளின் பெயர், இலக்கம், புதியதா பாவித்ததா, விலை, கூலி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 'கார் வேலை' என்று ஒரு வரி எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து விவரமாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்கும், வேலை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தை, எவரும் எழுதித் தராவிட்டாலும் அதே சட்டம் உங்களுக்குத் தருகிறது. பாவித்ததைப் புதியது என்று விற்பதும் குற்றம்.

பிழைத்தால் முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபைக்கு எழுதுங்கள். இங்கே பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவை: பொருளை வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். 1977க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம், ஆனால் அழைத்ததோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, திகதி, நடந்தது, நீங்கள் கேட்பது பணமா மாற்றுப் பொருளா நட்டஈடா என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் இணைத்து, யாழ்ப்பாணக் கச்சேரியில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். விசாரித்த பின் பணத்தைத் திருப்பவும் பொருளை மாற்றவும் நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. அரிசிக் கடையில் விலைப்பட்டியல் தேடும் அதிகாரிகள் உதிரிப்பாகக் கடைக்குள்ளும் நுழைய வேண்டும். முறைப்பாடு எழுத்தில் குவிந்தால்தான் அவர்கள் நுழைவார்கள்.

மீண்டும் சொல்கிறேன். வெடிப்புத் தெரிந்த வாரமே றப்பரை மாற்றுங்கள். சத்தம் வந்துவிட்டால் ஜொயின்றைப் பாருங்கள். எதைச் செய்தாலும் பற்றுச்சீட்டோடு வீட்டுக்கு வாருங்கள். மூன்று மாதம் வெகு விரைவில் போய்விடும்.