மின்சாரம் போன முதல் நிமிடம்

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் நம் கடற்கரையை ஒட்டிச் சென்றதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அத்தகைய பேரிடர் எப்போதோ வருவது. ஆயினும் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் நம் மாவட்டத்தில், காற்றும் மழையுமான இரவில் மின்தடை ஏற்படுவது புதிதன்று. நலமாக இருப்பவருக்கு அது சிறு தொல்லை. முதியவருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும், ஆக்சிஜன் கருவியைச் சார்ந்திருப்பவருக்கும் அது ஆபத்தாகலாம்.

இருளில் தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வரும் முதியோரின் குடும்பத்தாரிடம் விசாரித்தால், ‘வீட்டில் எமர்ஜென்சி லைட் இருந்தது, ஆனால் எரியவில்லை’ என்றோ, ‘அது வேறு அறையில் இருந்தது’ என்றோ விடை வருவதுண்டு. ஆகவே விளக்கு வாங்குவதோடு கடமை முடிவதில்லை.

முதியவருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

இருபது வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் அதை அடைகிறது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இளையோருக்கே 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். முதியோருக்கு இன்னும் தாமதமாகும். நெடுநாள் நீரிழிவு உள்ளவரின் பாதம் தரையைச் சரியாக உணராது. சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். எனவே மின்சாரம் போன முதல் நிமிடத்தில், எவரும் எழுந்து சென்று இயக்காமலே விளக்கு தானாக எரிய வேண்டும்.

எவ்விளக்கு, எங்கே?

நோயாளியின் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வாசற்படி, திருப்பம், ஈரத்தரை ஆகியவை எங்குள்ளனவோ அங்கே வெளிச்சம் தேவை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளிலும் அதன் இணைப்பு முன்னறையோடு நின்றுவிடுவதுண்டு. கழிவறைக்கும் அதற்குச் செல்லும் வழிக்கும் இணைப்பு உள்ளதா என மின்பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பேட்டரி உள்ளடங்கிய எல்.இ.டி. பல்புகள் மலிவானவை, பயனுள்ளவை. ஆனால் சுவிட்சை அணைத்து வைத்தால் அவை சார்ஜ் ஆவதில்லை. மின்தடையின்போது எரிவதும் இல்லை. உறங்கும் முன் விளக்கை அணைக்கும் படுக்கையறையில் அவை கைகொடுக்கா. அங்கே எப்போதும் பிளக்கில் இருந்து, மின்சாரம் நின்றதும் தானாக எரியும் விளக்கே பொருத்தம். தலையணை அருகில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும்.

எரியாவிட்டால்?

மாதம் ஒருமுறை, பகலில், விளக்கின் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். எரியவே இல்லையெனில், பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா, சார்ஜ் ஆவதைக் காட்டும் சிறு விளக்கு ஒளிர்கிறதா, தானாக எரிவதற்கான சுவிட்ச் சரியான நிலையில் உள்ளதா என்று பாருங்கள். எரிந்து சில நிமிடங்களில் மங்கினால் பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் கெட்டுவிடும். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது.

இன்வெர்ட்டர் பேட்டரியில் நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் பேட்டரி முனைகள் எளிதில் அரிக்கப்படும். வெண்மையாகவோ பச்சையாகவோ படிவு கண்டால் மின்பணியாளரைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

ஆக்சிஜன் கருவி உள்ள வீடுகள்

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரியில் நடைமுறையில் ஏறத்தாழ 1,000 வாட்-மணி மின்சாரம் கிடைக்கும். 9 வாட் விளக்குகள் நான்கை அது ஒரு நாளுக்கு மேலும் எரியவைக்கும். 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் கருவியையோ ஏறத்தாழ மூன்று மணி நேரமே இயக்கும். ஆகவே இன்வெர்ட்டரை மட்டும் நம்பாமல், நிரப்பிய சிலிண்டர் ஒன்றை வைத்திருங்கள். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவர்த்தியோ மண்ணெண்ணெய் விளக்கோ ஏற்றாதீர்கள். தீ நொடியில் பரவும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

மருத்துவமனையில் இருக்கையில்

மின்தடையின்போது வெளியேறும் வழிகளில் எரியும் விளக்குகள் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. வார்டில் சேர்ந்த அன்றே அவ்விளக்குகளும் படிக்கட்டும் எங்குள்ளன என்று பார்த்து வையுங்கள். எரியாத விளக்கைக் கண்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். அது குறைகூறல் அன்று, உதவி. செல்போனைச் சார்ஜ் செய்வதற்காக எந்தக் கருவியின் பிளக்கையும் கழற்றாதீர்கள். தீ விபத்தின்போது லிஃப்டில் ஏறாதீர்கள். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்ந்த தீ விபத்தில் இறந்தவர்களுள், லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் இருந்தனர்.

இன்று மாலை வீட்டிலுள்ள எமர்ஜென்சி லைட்டின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது எரியாது என்பதை விழுந்த பிறகு அறிவதைவிட, இன்றே அறிவது நன்று.