ஸ்ரோபெரி, முந்திரிகை: கழுவ வேண்டியது எப்போது?

“பழங்களை நன்கு கழுவிக் குளிரேற்றியில் வைத்தால் பல நாட்கள் பழுதடையாது” என்று விடை எழுதும் மாணவர் பலர். நுவரெலியாவில் விளையும் ஸ்ரோபெரி, யாழ்ப்பாணத்து முந்திரிகை போன்ற மென்மையான சிறு பழங்களுக்கு இவ்விடை பொருந்தாது. இவற்றை உண்பதற்குச் சற்று முன்னரே கழுவ வேண்டும்.

காரணத்தைப் பார்ப்போம். ஸ்ரோபெரியின் தோல் மிக மெல்லியது. சாம்பல் நிறப் பூஞ்சணத்தைத் தோற்றுவிக்கும் பொற்றிரைற்றிஸ் என்னும் பங்கசின் வித்திகள் தோட்டத்திலேயே பழத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வித்தி முளைக்க ஈரம் தேவை. கழுவிய பழத்தில் எஞ்சும் நீர்த்துளிகள் அந்த ஈரத்தை வழங்குகின்றன. குளிர் பங்கசைக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். 0°C ஐ அண்மித்த வெப்பநிலையிலும் இப்பங்கசு மெதுவாக வளரும். ‘காரணம் தருக’ என்ற வினாவுக்கு “பழுதடையும்” என்று மட்டும் எழுதாமல், ஈரத்தால் வித்தி முளைப்பதையும் குறிப்பிடுங்கள்.

எனவே பழங்களை வாங்கி வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, நசிந்தவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் பொறுக்கி அகற்றுவதாகும். ஒரு பழத்திலிருந்து அடுத்ததற்குப் பங்கசு பரவும். மீதியை, அடியில் உலர்ந்த கடதாசி விரித்த, காற்றுத் துளைகளுள்ள பெட்டியில் இட்டுக் குளிரேற்றியில் வைக்க வேண்டும். வாழை, மா போல இவை பறித்தபின் பழுப்பதில்லை. ஆகையால் வெளியில் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

இங்கே மாணவர் குழம்பும் இடமொன்று உண்டு. ஸ்ரோபெரியைச் சேமிக்க 90 - 95% சாரீரப்பதன் உகந்தது என்று படிக்கிறோம். அப்படியானால் ஈரம் நல்லதுதானே? இல்லை. வளியில் நீராவி போதியளவு இருந்தால் பழம் நீரை இழந்து வாடாது. பழத்தின் மேற்பரப்பில் நீர் தேங்குவது வேறு விடயம். முந்திரிகையின் மேல் காணப்படும் வெண்ணிறப் படையும் நீரிழப்பைக் குறைக்கும் இயற்கை மெழுகே. பீடைநாசினி என்று எண்ணி அதைத் தேய்த்து அகற்றிவிட்டுச் சேமிப்பது நட்டமே.

பீடைநாசினி எச்சம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எனவே உண்ணுமுன் கழுவாமல் விடக்கூடாது. ஓடும் நீரே போதும், சவர்க்காரம் கூடாது. ஸ்ரோபெரியைக் காம்புடனும் பச்சைப் புல்லிகளுடனும் கழுவிய பின்னரே அவற்றை நீக்க வேண்டும். முதலில் நீக்கினால் அக்காயத்தினூடாக நீர் உட்புகும்.

சிலர் ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து, அதில் பழங்களை அலசிய பின் சேமிப்பர். அவ்வாறு செய்தால் மீண்டும் நீரில் அலசி, துணியில் பரப்பி முற்றாக உலர்த்திய பின்னரே பெட்டியில் இட வேண்டும்.