சக்கர நாற்காலியும் மணலில் இறங்கட்டும்

நடக்க முடியாத பிள்ளை இருக்கும் பல வீடுகளில், 'வெளியே போவது' என்றால் ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் போய்வருவதுதான். கோடை விடுமுறை வந்தால் அக்காவும் தம்பியும் அப்பாவோடு ஊட்டிக்குக் கிளம்புவார்கள். அம்மாவும் அந்தப் பிள்ளையும் வீட்டில் இருந்துவிடுவார்கள். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. படிக்கட்டு, வெயில், கழிப்பறை, ஊரார் பார்வை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, 'அவனுக்கு எதுக்கு இந்த அலைச்சல்' என்று முடிவாகிவிடுகிறது. அவனை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம், யான் வில்லம் கோர்ட்டர் என்ற இரு மருத்துவர்கள் 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் வளர்ச்சியை எதை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் ஆறு விஷயங்களைச் சொன்னார்கள்: செயல்பாடு, குடும்பம், உடல்தகுதி, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம். இன்று உலகெங்கும் குழந்தைகள் மறுவாழ்வுத் துறையில் இந்த ஆறையும் பேசுகிறார்கள். நம் வீடுகளில் முதல் விஷயத்துக்கே நேரமெல்லாம் போய்விடுகிறது. கால் நீள்கிறதா, கழுத்து நிற்கிறதா என்பதிலேயே வருடங்கள் ஓடுகின்றன. குதூகலம் என்பது சிகிச்சை முடிந்தபின் கொடுக்கும் பரிசு என்று நினைத்துவிடுகிறோம். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) போன்றவற்றுக்கு அப்படி ஒரு 'முடிந்தபின்' கிடையாது.

உடம்பளவில் பார்த்தாலும் லாபம் உண்டு. காலூன்றி நிற்காத குழந்தையின் எலும்பு எளிதில் வலுவிழக்கும். வலிப்புக்கான சில மருந்துகள் வைட்டமின் டி-யைக் குறைக்கும். அதோடு வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெயிலும் கிடைக்காது. வெளியே போவதால் மட்டும் எலும்பு தேறிவிடாது; ஆனால் அடைந்து கிடப்பதால் வரும் இழப்பையாவது தவிர்க்கலாம்.

வெயிலுக்கு முன் மாத்திரை டப்பா

கிளம்பும் முன் பெற்றோர் பார்ப்பது தொப்பி, தண்ணீர் பாட்டில், குடை. இவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மாத்திரை டப்பா. உடல் இறுக்கத்துக்காகக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில், வாயில் எச்சில் வடிவதைக் குறைக்கும் கிளைகோபைரோலேட், சிறுநீர்ப் பைக்கான ஆக்சிபியூட்டினின் ஆகிய மூன்றும் வியர்வையைக் குறைப்பவை. வலிப்புக்குத் தரும் டோபிராமேட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. வியர்க்காத உடம்புக்கு வெப்பத்தை வெளியேற்றத் தெரியாது. பக்கத்தில் ஓடியாடும் தம்பி தொப்பலாக நனைந்திருப்பான், இந்தப் பிள்ளையின் நெற்றி மட்டும் உலர்ந்திருக்கும். 'இவனுக்குப் பரவாயில்லை, வேர்க்கவே இல்லை' என்று சொல்வோம். கவலைப்பட வேண்டிய நேரமே அதுதான்.

தண்டுவடம் கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் இதே நிலை: காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பு ஒழுங்காக இருக்காது. மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நாலரைக்குப் பிறகோ வையுங்கள். ஈரத்துண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், சின்ன விசிறி இருந்தால் வியர்வை செய்ய வேண்டிய வேலையை அவை செய்யும். முகம் சிவந்து, உடம்பு கொதித்து, பிள்ளை சோர்ந்து பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறியபடியே 108-ஐ அழையுங்கள்.

உணர்ச்சியில்லாத தோல்

ஸ்பைனா பைஃபிடா எனப்படும் பிறவி முதுகெலும்புப் பிளவோடு பிறந்த குழந்தைக்கும், தண்டுவடம் அடிபட்ட குழந்தைக்கும் இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் சூடு, வலி தெரியாது. வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்புக் கால்தாங்கி, உச்சிவேளைக் கோயில் பிராகாரத்துக் கல்தரை, கொதிக்கும் கடற்கரை மணல் இவையெல்லாம் அந்தக் காலைச் சத்தமில்லாமல் சுட்டுவிடும். கோயிலில் செருப்பைக் கழற்றினாலும் காலுறையைக் கழற்ற வேண்டாம். மணலில் உட்கார வைக்கும் முன் உங்கள் உள்ளங்கையை ஒரு நிமிடம் அதில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே பொறுக்கவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

அழுத்தப் புண்ணும் அப்படித்தான். காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பிட்டத்து எலும்பின் மேலுள்ள தோலுக்கு ரத்தம் போகாது. அரைமணிக்கு ஒருமுறையாவது ஓரிரு நிமிடம் பாரத்தை மாற்ற வேண்டும். கையில் பலமுள்ள பிள்ளை தானே எம்பிக்கொள்வான். மற்றவர்களை முன்னால் சாய்த்தோ பக்கவாட்டில் சாய்த்தோ பிடிக்கலாம். பார்க்கில் புல்வெளி கிடைத்தால் ஜமக்காளம் விரித்துக் குப்புறப் படுக்க விடுங்கள். அவனுக்கு அது விளையாட்டு, தோலுக்கு ஓய்வு.

யாரும் பேசாத கழிப்பறை

இந்தக் குடும்பங்களை வீட்டில் கட்டிப்போடுவதில் படிக்கட்டைவிடக் கழிப்பறைக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. பொதுக் கழிப்பறைகளில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு பூட்டிக் கிடக்கும். திறந்தால் துடைப்பமும் வாளியும் இருக்கும். மூன்று வயதில் மடியில் போட்டு டயப்பர் மாற்றிவிடலாம். பதினோரு வயதுப் பெண் பிள்ளைக்கு எங்கே மாற்றுவது?

இதற்குப் பல தாய்மார் கண்டுபிடித்திருக்கும் வழி, கிளம்பும் நாளில் பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைப்பது. இது ஆபத்தான சிக்கனம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். மேலே சொன்ன வியர்வைப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டால் உடல் வெப்பம் சட்டென்று ஏறும். தண்ணீரைக் குறைக்காமல் நேரத்தைத் திட்டமிடுங்கள். கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்று பார்த்து வழியை முடிவு செய்யலாம். மடக்கும் திரை அல்லது இரண்டு பெரிய போர்வை, கழுவக்கூடிய விரிப்பு, கை கழுவச் சோப்பு இவை காரிலேயே இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிகள், மால்கள், மெட்ரோ நிலையங்களில் அகலமான கழிப்பறை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தண்டுவடம் கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கடும் தலைவலியும் முகச்சிவப்பும் வந்தால், முதலில் சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கிறதா, கதீட்டர் மடங்கியிருக்கிறதா, பெல்ட் இறுக்குகிறதா என்று பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் காரணத்தை நீக்குங்கள். அப்படியும் தணியாவிட்டால் ஆஸ்பத்திரிதான். இரத்த அழுத்தம் எகிறும் நெருக்கடி இது.

மணலும் சிறு சக்கரமும்

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3-ஆம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். நிரந்தரப் பாதை திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சீரமைத்தார்கள். பெசன்ட் நகரிலும் இப்போது இப்படியொரு பாதை உண்டு. கடலைப் பக்கத்தில் பார்க்க அறுபது வயதுத் தாத்தாக்களும் முதல்முறையாக மெரினா மரப்பாதையில் வந்தார்கள் என்றால், இத்தனை வருடம் எத்தனை பேர் சாலையோடு திரும்பியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

எல்லா ஊர்க் கடற்கரையிலும் மரப்பாதை இல்லை. திருச்செந்தூரிலோ நாகையிலோ மணலில் இறங்கத்தான் வேண்டும். நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள்தான் மணலில் புதைபவை. முன்னால் பார்த்துத் தள்ளினால் அவை புதைந்து, பிள்ளை முன்னே விழுந்துவிடுவான். நாற்காலியைத் திருப்பி, சற்றே பின்னுக்குச் சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் பின்னோக்கி இழுத்துப் போங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் முன்னால் கால்தாங்கிப் பக்கம் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். காற்றடைத்த டயராக இருந்தால் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் மணலில் அகலமாகப் படியும். திரும்பும்போது அடிக்கக் கைப்பம்பு வேண்டும்.

செங்குத்தான சரிவில் இறங்கும்போதும் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். அப்போது பாரம் உங்கள் உடம்பில் சாயும், பிள்ளை முன்னே சரியமாட்டான். நாற்காலியோடு தூக்க நேர்ந்தால் கைதாங்கியையோ கால்தாங்கியையோ பிடிக்காதீர்கள். பல நாற்காலிகளில் அவை கழன்று வரும். அசையாத சட்டத்தைப் பிடியுங்கள். இடுப்பு பெல்ட் போடாமல் ஒரு அடிகூட வேண்டாம். எலும்பு வலுவிழந்த பிள்ளைக்கு, தசைச்சிதைவு நோய்க்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் பையனுக்குக் குறிப்பாக, நாற்காலியிலிருந்து சரிந்து விழுவதே தொடை எலும்பு முறியப் போதும்.

கால்வாயிலோ ஏரியிலோ படகு ஏறுவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கொடுக்கும் சாதாரண உயிர்காப்பு உடுப்பு, கழுத்து நிற்காத குழந்தையைத் தண்ணீரில் குப்புறக் கவிழ்த்துவிடலாம். தலையைத் தாங்கும் பட்டை உள்ள உடுப்பு இல்லையென்றால் கரையிலிருந்து படகு பார்ப்பதே மேல்.

மலைக்குப் போகும்போது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். தசைச்சிதைவு நோயால் மூச்சுத் தசை தளர்ந்த பிள்ளையை அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப் போகும் முன் நுரையீரல் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். ஏற்காடு அவ்வளவு உயரமில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைப் பயணத்தில் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. குளிர் இன்னொரு விஷயம். ஓடியாடும் பிள்ளைக்குத் தசையே சூடு தரும். உட்கார்ந்தே இருப்பவனுக்கு அது இல்லை. நீங்கள் ஒரு ஸ்வெட்டர் போட்டால் அவனுக்கு இரண்டும் கம்பளிக் காலுறையும் வேண்டும். குளிரில் மூளை முடக்குவாதக் குழந்தையின் கைகால் கூடுதலாக இறுகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலின் பழைய பெட்டிகளில் வீல்சேர் ஏறாது. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நாற்காலியை மடக்க வேண்டியதுதான். இன்னும் தூக்கும் வயது என்றால் தாமதிக்காமல் போய்வந்துவிடுங்கள். மற்ற விரைவு ரயில்கள் பலவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி உண்டு. துணையில்லாமல் பயணிக்க முடியாதவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை கிடைக்கும். கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. அதற்கான ரயில்வே அடையாள அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

வேனில் போகிறவர்கள், இடமிருக்கிறதென்று நாற்காலியோடு பிள்ளையை ஏற்றி நிறுத்துகிறார்கள். தரையோடு நான்கு முனையிலும் கட்டும் பட்டைகள் இல்லாத வண்டியில் அது கூடாது. பிள்ளை சீட்டில், பெல்ட்டோடு, நாற்காலி டிக்கியில்.

பலூன்காரரும் பத்து ரூபாய் நோட்டும்

ஸ்பைனா பைஃபிடா உள்ள குழந்தைகளுக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்களால் ஒவ்வாமை வருவது சகஜம். கடற்கரையில் ஆசையாக வாங்கித் தரும் பலூன், ஆஸ்பத்திரியில் போடும் கையுறை இரண்டுமே பெரும்பாலும் அதில் செய்தவை. உதடு வீங்கலாம், மூச்சு இளைக்கலாம். மினுமினுக்கும் ஃபாயில் பலூனோ காற்றாடியோ வாங்கிக் கொடுங்கள். தலையில் தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்திருக்கும் குழந்தை தலைவலி, வாந்தியோடு தூங்கி வழிந்தால் அதைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குச் சுண்டலும் பொரியும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் பதத்தில் வீட்டிலிருந்தே கொண்டுபோய், நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். வலிப்பு வந்தால் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றாமல், தலையைத் தாங்கிப் பக்கவாட்டில் எச்சில் வடியும்படி சாய்த்துப் பிடியுங்கள். வாயில் உணவிருந்தாலோ மூச்சு தடைபட்டாலோ மட்டும் கீழே இறக்கிப் பக்கவாட்டில் கிடத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரேயை அடித்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வருபவர்களிடம் பணிவாக, 'வேணாங்க, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்' என்று சொல்லிவிடுங்கள்.

ஊரார் இருக்கிறார்களே! கோயில் வாசலில் சக்கர நாற்காலியைக் கண்டதும் பத்து ரூபாய் நோட்டைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போகும் நல்லவர்கள் உண்டு. 'பொறந்ததிலேருந்தே இப்படியா?' என்று அவன் எதிரிலேயே கேட்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் சூரியன் மறைந்துவிடும். 'அவன்கிட்டயே கேளுங்கண்ணா, பேசுவான்' என்பது பல நேரம் போதும். பேச்சு வராத பிள்ளை என்றால், அவன் பெயரையும் அவனுக்குப் பிடித்த கிரிக்கெட் வீரர் பெயரையும் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

எங்கே போவது என்று முடிவெடுக்கும்போது அவனுக்கும் ஒரு ஓட்டு கொடுங்கள். இரண்டு படங்களைக் காட்டிக் கண்ணால் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் புலியைவிடப் பேட்டரி வண்டிதான் அவனுக்குப் பிடித்ததென்றால், இன்னொரு சுற்று போய்வாருங்கள். எடுத்த எடுப்பில் மூன்று நாள் சுற்றுலா வேண்டாம். பக்கத்துப் பார்க்கில் இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தாலே பையில் எது மறந்தது, எந்த இடத்தில் அவன் சோர்ந்தான் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

வீடு திரும்பியதும்

இரவு துணி மாற்றும்போது பிட்டம், குதிகால், முட்டி, முதுகெலும்பு ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; கருத்த திட்டு, தொட்டால் சூடு, கல் போன்ற இறுக்கம் இவற்றைத் தேடுங்கள். அரைமணியில் மறையாத தடம் இருந்தால் அது மறையும்வரை அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது. தோல் உரிந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் உடம்பு வழக்கத்தைவிட இறுகலாம், அதிகம் தூங்கலாம். பெரிய பயணத்துக்கு அடுத்த நாளில் பள்ளியையோ தெரபியையோ வைக்காதீர்கள்.

கடற்கரைக்குப் போய்வந்த நாற்காலியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பும் மணலும் பேரிங்கில் சேர்ந்தால் சீக்கிரமே சக்கரம் முனக ஆரம்பிக்கும். மோட்டார் நாற்காலியில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் நூலையும் முடியையும் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி தயார்.