காலம் கடந்த கையொப்பம்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிப் பணி ஆற்றியவன் நான். அவற்றுள் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலின் நகல் என அக்காலத்தில் நான் பச்சை மையால் ஒப்பமிட்டு முத்திரை வைத்தவற்றுக்குக் கணக்கில்லை. கையொப்பத்தின் அருமையை நன்கு அறிந்தவன் என்றே என்னை எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் ஒரு நாள் ஆட்டங்கண்டது.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பழைய கணினி ஒன்று உண்டு. பார்வை குன்றிய கல்லூரி மாணவர் ஒருவர் அங்கு வந்து படிப்பார். அவர் என்னிடம் பயின்றவர். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். உலாவிக்குப் புதிய திறன் சேர்க்கும் சிறு மென்பொருளே நீட்சி. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் நீட்சி ஒன்றை நிறுவ அம்மாணவர் விரும்பினார். உதவிக்கு நான் அமர்ந்தேன். ஆனால், சான்றிதழ் செல்லாது என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கையே தோன்றியது. மறுநாள் அவருக்குத் தேர்வு. நான் பொறுமை இழந்தேன்.

“இந்தச் சோதனையையே நிறுத்திவிடுவோம், தம்பி. அதற்கும் ஏதேனும் வழி இருக்கும்” என்றேன்.

அவர் புன்னகையுடன், “ஐயா, ஒப்பம் சரியில்லாத மாற்றுச் சான்றிதழுடன் ஒரு மாணவன் வந்தால், தாங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. நாம் திறக்கும் பக்கங்களில் உள்ளவற்றையெல்லாம் படிக்கும் உரிமையைப் பல நீட்சிகள் கேட்டுப் பெறுகின்றன. நாம் தட்டும் கடவுச்சொல்லும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. அத்தகைய ஒன்றை யார் எவரென்று வினவாமல் வீட்டுக்குள் விடலாமா?

உலாவி எவ்வாறு வினவுகின்றது என்பதைக் காண்போம். நீட்சி இருக்கும் தளம் உண்மையான தளந்தானா என்பது முதற் சோதனை. நீட்சியின் மீதுள்ள ஒப்பம் மெய்தானா என்பது இரண்டாம் சோதனை. இவ்வொப்பம் மையால் இடுவதன்று. நீட்சியின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணித முறையில் ஆக்கப்படுவது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ஒப்பம் பொருந்தாது.

ஒப்பமிட்டவரை நம்புவது எங்ஙனம்? வெளி மாநிலம் செல்லும் மாணவனின் மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியர் ஒப்பமிட்ட பின்னர், மாவட்டக் கல்வி அலுவலர் மேலொப்பம் இடுவதுண்டு. அதுபோலவே நீட்சியின் ஒப்பத்துக்கு இடைநிலைச் சான்றிதழ் ஒன்றும், அதற்கு மேல் மூலச் சான்றிதழ் ஒன்றும் துணை நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும் உலாவி கதவைத் திறவாது.

அத்தகைய கண்ணி ஒன்று 2019ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் அற்றது. ஃபயர்பாக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லா நிறுவனம், நீட்சிகளுக்கு ஒப்பமிடப் பயன்படுத்திய இடைநிலைச் சான்றிதழின் காலம் அன்று முடிந்தது. முடிவு நாள் நெருங்குவதைப் பொறுப்பாளர்கள் அறியாமல் இல்லை. ஆயினும், ஒப்பத்தைச் சரிபார்க்கும்போது உலாவி அந்நாளைக் கருதாது என்று தவறாக எண்ணியிருந்தனர். உலாவியோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒப்பங்களைச் சரிபார்ப்பது. ஆதலின் உலகெங்கும் நீட்சிகள் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு வேளையில் செயலிழந்தன. ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்ட டோர் உலாவியைத் தம் அடையாளம் வெளிப்படாமல் காக்க வேண்டிய பத்திரிகையாளர்களும் பயன்படுத்துகின்றனர். அவ்வுலாவியில் காவலாக இருந்த நோஸ்கிரிப்ட் என்னும் நீட்சியும் அன்று நின்றுபோயிற்று.

புதிதாக நீட்சி நிறுவ முயன்றவர்களுக்கு, இணைப்பைச் சரிபார்க்குமாறு ஒரு செய்தி வந்தது. இணைப்பில் குறை ஏதும் இல்லை! பலர் நீட்சிகளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ முற்பட்டனர். நீக்கினால் அவற்றில் சேமித்த தரவும் போய்விடும். ஆதலின் நீக்க வேண்டா என்று நிறுவனம் எச்சரித்தது. புதிய இடைநிலைச் சான்றிதழ் ஆக்கப்பட்டு, மே 5ஆம் நாள் 66.0.4 என்னும் பதிப்பு வெளிவந்தது. பொறுத்திருந்தோரில் பெரும்பாலோர் தம் தரவை இழக்கவில்லை. பதறி நீக்கியோர் இழந்தனர்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? சான்றிதழ்ப் பிழை என்பது இடித்துத் தள்ள வேண்டிய சுவர் அன்று. விடை காண வேண்டிய வினா. அதற்கு விடை காண ஓர் ஒழுங்கு உண்டு.

முதலாவதாக, கணினியின் நாளையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் பிந்தியிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று உலாவி கருதும். முந்தியிருந்தால், முடிந்துவிட்டது என்று கருதும்.

இரண்டாவதாக, உலாவியின் பதிப்பைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. இம்முறை நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. 128ஆம் பதிப்புக்கு உயர்ந்தவர்க்கு இடர் இல்லை; நீண்ட கால ஆதரவுப் பதிப்பில் 115.13 போதுமானதாயிற்று. அவற்றுக்கு முந்திய பதிப்பிலேயே தங்கியவர்க்கே நீட்சிகள் முடங்கும் நிலை வந்தது. மருந்து ஒன்றே: உலாவியைப் புதுப்பித்தல்.

மூன்றாவதாக, இணைப்பைப் பாருங்கள். சில கல்லூரிகளின் வடிகட்டிகளும் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இடையில் நின்று தம் சான்றிதழைக் காட்டுவதுண்டு. வேறோர் இணைப்பில் பிழை மறைந்தால் காரணம் விளங்கிவிடும். பின்னர்க் கணினிப் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

நான்காவதாக, நீட்சி வந்த இடத்தைப் பாருங்கள். உலாவிக்குரிய முறையான தளத்திலன்றி வேறெங்கோ பெற்ற கோப்பாயின், அதனை விட்டுவிடுவதே அறிவுடைமை. முறையான தளத்திலிருந்தே வந்து, கோப்பு சிதைந்தது என்று உலாவி சொன்னால், மீண்டும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

இவை நான்கிலும் விடை கிடைக்கவில்லையாயின், பிழை நம் கணினியில் இல்லாமலும் இருக்கலாம். 2019இல் அப்படித்தான் இருந்தது. அப்போது காத்திருங்கள், நிறுவனத்தின் அறிவிப்பைப் படியுங்கள். எந்நிலையிலும் சோதனையை நிறுத்தாதீர்கள்.

படிப்பகத்துக் கணினியின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். முதற் படியிலேயே விடை கிடைத்தது. திரையின் மூலையில் 2010ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் என்று இருந்தது! கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது உள்ளேயுள்ள, நாணயம் போன்ற சிறு மின்கலம். அதன் ஆற்றல் தீர்ந்திருந்தது. நாளைத் திருத்தினோம், எச்சரிக்கை மறைந்தது, நீட்சி அமைந்தது. அன்று மாலை முழுவதும் அம்மாணவர் பாடங்களைக் காதால் கேட்டுப் படித்தார். மறுநாள் நான் கடைக்குச் சென்று புதிய மின்கலம் வாங்கி வந்து மாற்றச் செய்தேன்.

எத்தனையோ மாணவர்களின் சான்றிதழ்களை ஐயுற்று ஆராய்ந்தவன் நான். அன்று என் மாணவர் ஒருவர், ஐயுறுவதும் ஒரு கடமை என்பதை எனக்கே நினைவூட்டினார். அதனை உங்களிடம் ஒப்படைக்கின்றேன்.