போர்வை தைக்கும் கைகளுக்கு

பழைய புடவைகளை அடுக்கித் தையல் இயந்திரத்தில் போர்வை தைப்போர் சிலர் கட்டைவிரலின் அடிமூட்டு வலியோடு எங்களிடம் வருகின்றனர். நழுவும் கனத்த துணியை இறுகக் கிள்ளி நகர்த்துவது அவ்வலியை வளர்க்கிறது. விரல்நுனியில் தரும் அழுத்தம் அம்மூட்டில் பன்மடங்காகிறது.

பழைய ரப்பர் கையுறையின் விரல்பகுதிகளை வெட்டி, இரு கைகளிலும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அணியுங்கள். பணம் எண்ணுவோரின் ரப்பர் விரலுறையும் போதும். உராய்வு கூடுவதால், கையை விரித்து மெல்ல அழுத்தினாலே துணி நகரும். சைக்கிள் டியூப் துண்டு வேண்டாம். துணியில் கறை படியும்.

உறை இறுக்கமாக இருத்தலாகாது. அரிப்பு தோன்றினால் கழற்றிவிடுங்கள். நீரிழிவால் விரல் மரத்தவர்கள் ஊசியிலிருந்து கையை நன்கு தள்ளியே வைக்க வேண்டும். காலையில் விரல்மூட்டுகள் வீங்கி, வெகுநேரம் விறைத்திருந்தால், உறையை நம்பி நாள் கடத்தாது எங்களிடம் காட்டுங்கள்.