வாதுமை மரம்: ஓவியம், மருத்துவம், நாட்டார் வழக்கு

வாதுமை மரம் என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையுதிர்க்கும் சிறு மரமாகும். இதன் தாவரவியல் பெயர் புரூனசு டல்சிசு. ஈரானும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் இதன் தாயகம். இதன் பருப்பே பாதாம் என்று கடைகளில் விற்கப்படுகிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில், இலை துளிர்க்கும் முன்பே, வெற்றுக் கிளைகள் முழுவதும் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்துவிடுவது இதன் சிறப்பியல்பு.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டின் தெருவோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் அகன்ற இலைகள் சிவந்து உதிர நிற்கும் வாதா மரம் வேறு இனமாகும். அது மருத மரத்துக்கு உறவான நாட்டு வாதுமை. அதன் பருப்பும் உண்ணத்தக்கதே. எனினும் பாதாமுக்குரிய மருத்துவக் குறிப்புகளை அதற்குப் பொருத்துதல் தவறு.

ஓவியத்தில்

பூத்த கிளையில் இலை இராது. காய்த்த கிளையில் பூ இராது. எனவே தாவரவியல் ஓவியர்கள் பூங்கிளை, இலையுடன் கூடிய காய், பிளந்த கொட்டை ஆகியவற்றை ஒரே தாளில் அருகருகே வரைந்தனர். 1887 இல் செருமனியில் வெளிவரத் தொடங்கிய கோலரின் மருத்துவத் தாவர நூலிலும் வாதுமைப் படம் உண்டு. 1890 இல் வின்சென்ட் வான் கோ, தம் தம்பி தியோவுக்குப் பிறந்த குழந்தைக்காக, நீல வானத்தின் பின்னணியில் வாதுமைப் பூங்கிளைகளை வரைந்தார். அவ்வோவியம் ஆம்சுடர்டாமில் உள்ளது.

மருத்துவத்தில்

யுனானி மருத்துவத்தில் இனிப்பு வாதுமை மூளைக்கு வலுவூட்டுவதாகக் கருதப்படுகிறது. அதன் எண்ணெய் 'ரோகன் பாதாம்' எனப்படும். பண்டைய கிரேக்க, உரோமை மருத்துவர்கள் கசப்பு வாதுமையையும் பயன்படுத்தினர். குடிப்பதற்கு முன் கசப்பு வாதுமையைத் தின்றால் போதை ஏறாது என்ற நம்பிக்கையைப் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார்.

கசப்பு வாதுமை நச்சுத்தன்மை உடையது. அதிலுள்ள அமிக்டலின், பருப்பை மெல்லும்போது சிதைந்து ஐதரசன் சயனைடை வெளியிடும். குழந்தைகளுக்குச் சில பருப்புகளே ஆபத்தாகலாம். இரு வகையும் ஒரே இனம் என்பதால் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது கடினம். கடுங்கசப்பான பருப்பை உடனே துப்பிவிட வேண்டும். மருந்தெனக் கருதி உண்ணலாகாது.

நாட்டார் வழக்கில்

கிரேக்கத் தொன்மத்தில், காதலன் தெமோபோனுக்காகக் காத்திருந்து உயிர்விட்ட பில்லிசு வாதுமை மரமானாள். அவன் திரும்பி வந்து தழுவியதும் அம்மரம் துளிர்த்தது. எபிரேய மொழியில் வாதுமையைக் குறிக்கும் 'சாகேத்' என்ற சொல், விழித்திருத்தல் என்ற பொருளுடைய சொல்லோடு ஒலியில் நெருங்கியது. மற்ற மரங்கள் உறங்குகையில் முதலில் விழிக்கும் மரமன்றோ இது! விவிலியத்தின் எண்ணாகமத்தில், ஆரோனின் கோல் ஓரிரவில் பூத்துக் காய்த்தது வாதுமையாகவே. காசுமீரத்திலும் இளவேனிலின் வரவை அறிவிப்பது சிறீநகரின் பாதாம்வாரித் தோட்டத்துப் பூக்களே.